எலும்பு முறிந்த முதியவருக்குச் சாப்பாடு: தட்டில் வைத்தது வேறு, உள்ளே போனது வேறு

உங்கள் அம்மாவுக்கு 76 வயது. படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி 18 நாள். வீட்டுக்கு வந்துவிட்டார். விழுவதற்கு முன் 50 கிலோ இருந்தவர் இப்போது 46. சுகர் இருக்கிறது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டதும் "போதும்" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். எந்த புரோட்டீன் பவுடர் வாங்குவது, முட்டை எத்தனை கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பவுடருக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளை காலையிலிருந்து இரவு படுக்கும் வரை அம்மாவின் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம். ஒரு டம்ளர் பால் கொடுத்து பாதி மிஞ்சியிருந்தால் தாளில் அரை டம்ளர்தான் வர வேண்டும்.

மருத்துவமனை உணவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவர் வார்டில் தட்டு எடுக்க வரும் ஓர் அம்மாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தட்டின் மூடியைத் திறந்து காட்டினார். "நீங்க எழுதிக் குடுத்தது பூரா இங்கதான் சார் இருக்கு." என் ஃபைலில் அந்த நோயாளி நாளுக்கு 1,600 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பொதுவாக இப்படித் தாள் எழுதும் வீடுகளில் கூட்டல் ஏறக்குறைய இப்படி வரும்: பால் 150 மி.லி., அதில் 5 கிராம் புரதம். பிஸ்கட் இரண்டு, 1 கிராம். நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணம், 2 கிராம். முட்டையில் பாதி, 3 கிராம். சோறு இரண்டு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, எல்லாம் சேர்த்து 6 கிராம். தெளிந்த சூப் அரைக் கிண்ணம், 1 கிராம். மொத்தம் 18 கிராம். வீட்டில் நாள் முழுக்க யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை ஊட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார். தாள் மட்டும் 18 என்று சொல்லும்.

வேண்டியது எவ்வளவு? நலமாக இருக்கும் முதியவருக்கே எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். நோயோ காயமோ இருந்தால் 1.2 முதல் 1.5. மிகக் கடுமையான காயம், அதோடு ஊட்டக்குறைவும் என்றால் 2 வரை போகலாம். முதியோர் புரதத் தேவைக்காகவே கூடிய பன்னாட்டு நிபுணர் குழு 2013-ல் வெளியிட்ட அளவுகள் இவை. அம்மாவின் பழைய எடையான 50 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு 60 முதல் 75 கிராம். கலோரி கிலோவுக்கு 30 வீதம் 1,500. இப்போது 18-ஐயும் 60-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கம்பெனி பவுடர் என்பதெல்லாம் இந்த இடைவெளிக்கு முன்னால் சின்ன விஷயம்.

18 நாளில் 4 கிலோ என்பது எடையில் 8 சதவீதம். 3 மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே ஊட்டக்குறைவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வயசானால் இளைக்கத்தான் செய்யும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்காதீர்கள்.

இவ்வளவு வேகமாக ஏன் கரைகிறது? 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்பவர் கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை நாள் தவறாமல் அளந்து பார்த்தார். அடிபட்ட சில நாட்களில் சிறுநீரில் நைட்ரஜன் ஏறிக்கொண்டே போனது. நைட்ரஜன் வெளியேறினால் புரதம் உடைகிறது என்று பொருள். அவ்வளவு நைட்ரஜன் முறிந்த இடத்திலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது. உடம்பு முழுக்க உள்ள தசை கரைந்து வந்தால்தான் கணக்கு சரியாக இருந்தது. காயத்தை ஆற்றவும், நோயெதிர்ப்புக்கும், உடனடிச் சக்திக்கும் உடம்பு கையை வைக்கிற சேமிப்பு தசைதான். இளைஞனிடம் அந்தச் சேமிப்பு நிறைய இருக்கும். 76 வயதில் ஏற்கெனவே குறைந்து போயிருக்கும்.

இதன் மேல் படுக்கை வேறு. 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, ஒரு நோயும் இல்லாத ஆட்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அன்றைக்குப் பரிந்துரைத்த அளவு புரதத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அப்படியும் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிற்று. அடிபடாதவருக்கே இந்தக் கதி. உங்கள் அம்மா அடிபட்டு, ஆபரேஷனும் ஆகி, பாதி நாள் பட்டினியோடு படுத்திருந்தவர்.

பாதி நாள் பட்டினி என்று ஊகத்தில் சொல்லவில்லை, எங்கும் நடப்பதுதான். ஆபரேஷனுக்காக இரவிலிருந்து வெறும் வயிறு. மதியம் "இன்றைக்கு இல்லை, நாளைக்கு" என்பார்கள். மறுபடியும் வெறும் வயிறு. திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம் இடைவெளி இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். இன்னும் ஆபரேஷன் ஆகாத நோயாளியோடு இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், தள்ளிப்போடுகிறோம் என்று சொன்ன அந்த நிமிடமே "இப்போது சாப்பிடலாமா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் அடுத்த வேளையும் போய்விடும்.

சரி, 18-ஐ 60 ஆக்குவது எப்படி? அதிகம் சாப்பிடு என்று சொல்லிப் பயனில்லை. வயிறு அதே அளவுதான். இரண்டு வாய்தான் என்றால், அந்த இரண்டு வாயும் கனமாக இருக்க வேண்டும்.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம் புரதம். 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கொஞ்சம் ஆறின பாலில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதிப் பாலில் கலக்கினால் இன்னும் 17 கிராம் சேரும். அளவு அதே அரை லிட்டர்தான், புரதம் மட்டும் இரட்டிப்பு. இனி வீட்டில் பால் ஊற்றுகிற இடத்திலெல்லாம் இந்தப் பாலை ஊற்றுங்கள். கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சுவதற்குப் பதில் இதில் காய்ச்சினால், 2 கிராம் கொடுத்த அதே கிண்ணம் 12 கிராமுக்கு மேல் கொடுக்கும். மசித்த எதிலும் ஒரு ஸ்பூன் வெண்ணெயோ எண்ணெயோ சேர்த்தால் சுமார் 40 கலோரி ஏறும். தெளிந்த சூப்பை விட்டுவிடுங்கள். இல்லை, அதில் முட்டையை அடித்து ஊற்றுங்கள், வேகவைத்த பருப்பையோ கோழியையோ அரைத்துக் கலக்குங்கள். எலும்பு சூப் எலும்பை ஒட்டவைக்கும் என்று நம்பிக் கொடுத்தால், அதில் நினைக்கிற அளவுக்குக் கால்சியமும் இல்லை, புரதமும் இல்லை. ருசி உண்டு, சூடு உண்டு, வயிறு நிறையும். அந்த வயிறு நிறைவதுதான் இங்கே தொல்லை.

முட்டைக் கேள்விக்குப் பதில்: நாளைக்கு இரண்டோ மூன்றோ தாராளமாகக் கொடுக்கலாம், மஞ்சள் கருவோடு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அதில் ஏறக்குறைய பாதி மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. கலோரியும் வைட்டமின்களும் பெரும்பாலும் அங்கேதான். கொழுப்புக்குப் பயந்து மஞ்சளை எடுத்து எறிகிற பழக்கம் 46 கிலோவுக்கு இறங்கிவிட்டவருக்குப் பொருந்தாது. மீன், கோழி சாப்பிடுவார் என்றால் 100 கிராம் வெந்த துண்டில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். சைவம் என்றால் பால், தயிர், பருப்பு, சோயா என்று நாள் முழுக்கப் பரப்பிக் கொடுத்துத்தான் அந்த எண்ணைத் தொட வேண்டும். முடியும், உழைப்பு கூடுதல்.

வயதான தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும். 5 கிராம் வீதம் பத்து தடவை வருவதைவிட, ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் சேர்ந்து வந்தால் தசை கட்டும் வேலை நன்றாகத் தூண்டப்படுகிறது. ஆனால் இன்றைக்கு அம்மா இருக்கும் நிலையில் இதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். முதலில் மொத்தம் சேரட்டும். பசி திரும்பிய பின் வேளைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது "போதும்" என்ற சொல்லுக்கு வருவோம். என் அனுபவத்தில் அது பசியின்மையாக மட்டும் இருப்பது அபூர்வம். மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் கேளுங்கள். வலிக்கான வீரியமான மாத்திரைகள் குடலைக் கட்டிப்போடும். நாலு நாள் போகாதவருக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். வலி மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு? வலி உச்சத்தில் இருக்கும்போது தட்டை நீட்டினால் யார் சாப்பிடுவார்? மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து நீட்டிப் பாருங்கள். பல்செட் எங்கே? மருத்துவமனையில் கழற்றி வைத்தது அங்கேயே தொலைந்திருக்கலாம், அல்லது ஈறு சுருங்கி ஆடிக்கொண்டிருக்கலாம். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும், மருந்து உண்டு. கண்ணாடி போட்டிருக்கிறாரா? தட்டில் இருப்பது என்னவென்று தெரியாமலேயே "போதும்" சொல்பவர்கள் இருக்கிறார்கள். பகலில் தூங்கி இரவில் விழித்து, ஆளை மாற்றிக் கூப்பிட்டு, பேச்சு தடம் மாறினால் அது ஆபரேஷனுக்குப் பின் வருகிற மனக்குழப்பம். முதியவர்களுக்கு அடிக்கடி வரும், அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தால் மனச்சோர்வையும் நினைத்துப் பாருங்கள். மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயம் பசியைத் தின்றுவிடும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். பிரிட்டனில் கார்டிஃப் நகரில் ஒரு விபத்துச் சிகிச்சை வார்டில், இடுப்பெலும்பு முறிந்த முந்நூற்றுச் சொச்சம் வயதான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவுக்கு அதோடு, சாப்பாட்டு நேரத்தில் உதவுவதற்கென்றே பயிற்சி பெற்ற உணவு உதவியாளர்கள். என்ன பிடிக்கும் என்று கேட்பது, மூடியைத் திறந்து கொடுப்பது, நிமிர்த்தி உட்காரவைப்பது, ஊட்டுவது, ஊட்டபானம் (புரதமும் கலோரியும் செறிந்த சத்து பானம்) குடித்தாரா என்று பார்ப்பது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. உதவி இல்லாத குழு நாளுக்கு சுமார் 750 கலோரி சாப்பிட்டது; உதவி கிடைத்த குழு சுமார் 1,100. 4 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 23 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டாம் குழுவில் 13 சதவீதம். 2006-ல் வெளிவந்த ஆய்வு. இந்தத் துறையில் ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, தரமும் சுமார்தான் என்பதால் ஒரே ஆய்வின் மேல் கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் புதிய மருந்து எதுவும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்ததற்கு இப்படியொரு எண் கிடைத்தது என்பதை நான் மறப்பதில்லை. படுத்தபடி கொடுக்காமல் நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். நீங்களும் கூடவே சாப்பிடுங்கள். தட்டு சின்னதாக இருக்கட்டும். குவித்த தட்டைப் பார்த்ததும் மலைத்துப் போவார்.

சுகர் இருப்பதால் அதைக் கொடுக்காதே, இதைக் கொடுக்காதே என்று வீட்டில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். ஊட்டம் குறைந்த முதியவருக்கு இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொல்லித்தான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அடிபட்ட உடம்பில் சுகர் தானாகவே ஏறும். மருத்துவமனையில் இருக்கும் பெரும்பாலோருக்கு 180 வரை இருக்கலாம் என்றுதான் டாக்டர்கள் குறி வைக்கிறார்கள். ஏறினால் மருந்தைச் சரிசெய்ய வேண்டும், சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: சாப்பாடு பாதியாகி, மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போனால் சுகர் தடாலென்று இறங்கி, நள்ளிரவில் வியர்த்து, மறுபடி விழுவார். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும், குமட்டலும் கொடுக்கும். வாரம் ஒருமுறை போடும் சில புதிய சுகர் ஊசிகள் பசியையும் அடக்கும். அம்மாவின் மருந்துச் சீட்டை இந்தக் கண்ணோடு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அல்புமின் குறைந்தால் முட்டை வெள்ளைக்கரு கொடுத்து ஏற்றலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அடிபட்டதும் உடம்பில் எழும் அழற்சியால் கல்லீரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும்; ரத்தக்குழாயிலிருந்து அது வெளியே கசியவும் செய்யும். நன்றாகச் சாப்பிடுபவருக்கும் இறங்கும். காயம் எவ்வளவு கடுமை என்பதை அந்த எண் சொல்லும். சாப்பாடு போதுகிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு எடையும் உங்கள் தாளும்தான் சாட்சி.

எலும்புக்கு: கால்சியம் சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி., வைட்டமின் டி 800 யூனிட் அளவில் தினமும். மொத்தமாக ஒரே டோஸாக விழுங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 70 தாண்டிய பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் கூடித்தான் போயின. 2010-ல் வந்த முடிவு. தைராய்டு மாத்திரை போடுபவரானால் அதற்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

தண்ணீர்: தாகம் என்ற உணர்வு வயதில் மங்கிவிடும், கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்குப் பானங்களாக மட்டும் 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் என்பது பொது அளவு. இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்றால் டாக்டர் சொல்லும் அளவு. பாத்ரூம் போக இன்னொருவரைக் கூப்பிட வேண்டுமே என்று கூசி, குடிப்பதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதை அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள்.

மூன்று இடத்தில் நிதானம் தேவை. முதலாவது சிறுநீரகம். வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 30-க்குக் கீழே இருந்து டயாலிசிஸும் இல்லை என்றால் மேலே சொன்ன புரத அளவு அப்படியே பொருந்தாது. கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, அதிகம் கொடுத்தால் இன்னும் நல்லது என்ற ஆசை. ஐசியூவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்குக் கிலோவுக்கு 2.2 கிராமோ அதற்கு மேலோ என்று குறிவைத்துப் புரதம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023-ல் வந்தது. சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கெடுதலாகக்கூட இருந்திருக்கலாம் என்று முடிவு சொன்னது.

மூன்றாவதுதான் எனக்குப் பயமானது. 5 நாளுக்கு மேல் அநேகமாக ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி கிடந்த கைதிகளுக்கு வயிறாரச் சோறு போட்டபோது சிலர் அதனாலேயே இறந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு முதல் 2 நாள் தேவையில் பாதிக்கு மேல் போகாமல், வைட்டமின் பி1 முன்கூட்டியே கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும். அது மருத்துவமனை வேலை. உங்கள் அம்மா கொஞ்சமாவது சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் அவ்வளவு ஆபத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரே நாளில் 60-ஐத் தொடப் பார்க்காமல் ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் குடித்ததும் இருமல், குரல் கரகரவென்று ஈரமாக மாறுவது, அடிக்கடி காய்ச்சலோடு சளி இவை இருந்தால் விழுங்குவதில் கோளாறு. நீங்களாகவே கெட்டியாக்கியோ நீர்க்கவிட்டோ பரிசோதனை செய்யாமல், விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். வாய் வழியாகப் பாதிகூடப் போகவில்லை என்றால் கொஞ்ச காலத்துக்கு மூக்கு வழி டியூப் பற்றி டாக்டர் பேசலாம். மீண்டு வரக்கூடியவருக்கு அது ஒரு பாலம்தான், கேட்டதும் பதற வேண்டாம்.

பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யாமல் புரதம் மட்டும் ஏற்றினால் தசை திரும்பாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நாளைக்கு எத்தனை முறை என்பதையும் அதே தாளின் ஓரத்தில் எழுதுங்கள்.

இனி பவுடர். டப்பாவைத் திருப்பி, ஒரு வேளை அளவுக்கு எத்தனை கிராம் புரதம் என்று படியுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் சத்து, வலிமை என்று இருந்து பின்பக்கம் 3 கிராம் என்றிருந்தால் அது சர்க்கரை டப்பா. ஊட்டபானம் நாளுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கொடுக்க வேண்டும், ஒரு மாதமாவது விடாமல் போக வேண்டும். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்தால் பலனில்லை, இடைவேளையில் கொடுங்கள். டம்ளர் நிறைய நீட்டினால் மறுப்பவருக்கு, 60 மி.லி. வீதம் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் தண்ணீருக்குப் பதிலாகக் கொடுங்கள் (வெறும் வயிற்று மாத்திரை தவிர). நாலு வேளை மாத்திரையில் 240 மி.லி. சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கும். குளிரவைத்துக் கொடுத்தால் வாடை தெரியாது. அந்த டப்பா கிடைக்கவில்லை என்றால், மேலே சொன்ன இரட்டிப்புப் பாலில் ஒரு வாழைப்பழத்தை அடித்தாலும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வாரம் ஒருநாள், அதே தராசில், காலையில் எடை பாருங்கள். நிற்க முடியாவிட்டால் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை, அடிபடாத காலில், டேப்பால் அளந்து குறியுங்கள், 31 செ.மீ.க்குக் கீழே என்றால் தசை குறைவு என்று பொருள். மூன்று நாள் தாள், கிரியாட்டினின் எண், மருந்துச் சீட்டு இவற்றோடு திரும்பி எழுதினால், எதை எந்த வேளையில் மாற்றலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.